கேள்வி–பதில்: சொல்லாமல் விட்ட பாதி

தலையங்கங்களிலும் நடுப்பக்கக் கட்டுரைகளிலும் உருவகம் செய்யும் வேலையைப் பற்றி இம்முறை கேள்விகள் அனுப்புமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களுள் ஒன்றோடொன்று தொடர்புடைய சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது.

கேள்வி: உருவகம் செய்யுளுக்குரிய அணி என்றுதான் பள்ளியில் படித்தோம். செய்தித்தாளின் கருத்துக் கட்டுரையில் அழகுக்காகச் சேர்க்கப்படும் ஒன்றை ஏன் இவ்வளவு பெரிதுபடுத்த வேண்டும்?
— இதழியல் மாணவி ஒருவர்

பதில்: அழகுக்காக மட்டும் சேர்க்கப்படும் உருவகங்களும் உண்டு. அவற்றை நீக்கிவிட்டாலும் கட்டுரை குறைவின்றி நிற்கும் என்பதால் அவற்றைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நீக்கினால் வாதமே காணாமற்போய்விடும் உருவகங்கள் வேறு சில இருக்கின்றன. நம்மை இணங்க வைப்பவை பெரும்பாலும் அவைதாம்.

நீங்கள் பள்ளியில் படித்த இலக்கணமே இதற்குப் போதுமான விளக்கம் தருகிறது. "இது அதைப் போன்றது" என்று உவமை சொல்லும்போது, உண்மையிலேயே போன்றதுதானா என்று கேட்பதற்கு வாசகருக்கு ஓர் இடம் கிடைக்கிறது. உருவகம் அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. "உவமையும் பொருளும் வேற்றுமை ஒழிவித்து ஒன்றென மாட்டின் அஃது உருவகம் ஆகும்" என்பது தண்டியலங்காரம். 'வேற்றுமை இன்றி' என்று அந்நூல் கூறவில்லை, 'வேற்றுமை ஒழிவித்து' என்றே கூறுகிறது. அப்படியானால் வேற்றுமை இருக்கிறது, அதை ஒருவர் ஒழிக்கிறார். கவிதையில் அவர் யார் என்பதை அறிந்தே நாம் படிக்கிறோம். கருத்துக் கட்டுரையில் அவர் கண்ணுக்குத் தெரிவதில்லை.

அணியிலக்கணம் கூறும் உருவக வகைகளுள் ஏகதேச உருவகம் என்பதும் ஒன்று. தொடர்புடைய இரு பொருள்களுள் ஒன்றை மட்டும் உருவகமாக்கிவிட்டு மற்றொன்றை அப்படியே விட்டுவிடுவது அது. "பிறவிப் பெருங்கடல் நீந்துவர் நீந்தார் இறைவன் அடிசேரா தார்" என்ற குறளில் பிறவி கடலாக உருவகிக்கப்படுகிறது. இறைவன் அடி தெப்பமாக உருவகிக்கப்படவில்லை. ஆனால் கடல் என்ற சொல் காதில் விழுந்ததுமே தெப்பத்தை நாமே கொண்டுவந்து சேர்த்துவிடுகிறோம். ஆசிரியர் பாதி சொல்ல, மீதிப் பாதியைக் கேட்பவர் நிரப்புகிறார்.

கருத்துக் கட்டுரையின் இணங்கவைக்கும் ஆற்றல் ஏறக்குறைய முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம். ஒருவர் "அகதிகள் வெள்ளம்" என்று எழுதிவிட்டு, அதற்குமேல் எதுவும் சொல்லாமல் புள்ளிவிவரங்களுக்குப் போய்விடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளம் வந்தால் கரையை உயர்த்துவார்கள், மதகை அடைப்பார்கள். வெள்ளத்திடம் ஏன் வந்தாய் என்று எவரும் கேட்பதில்லை, அதற்குப் பெயரும் குடும்பமும் வழக்கும் இருப்பதாக எவரும் எண்ணுவதில்லை. "எல்லையை மூடுங்கள்" என்று கட்டுரையாளர் ஓர் இடத்திலும் எழுதவில்லை; ஆனால் கட்டுரையைப் படித்து முடித்த வாசகர் அந்த முடிவுக்குத் தாமாகவே வந்ததாக நினைக்கிறார். பிறர் சொன்ன முடிவை நாம் சந்தேகித்துப் பார்ப்போம், நாமே கண்டடைந்ததாகத் தோன்றும் முடிவை அப்படிச் சந்தேகிப்பது அரிது.

கேள்வி: ஒரு சொல்லை மாற்றினால் மனிதர் மனம் மாறிவிடும் என்பதற்குச் சான்று உண்டா, அல்லது இதுவும் எழுத்தாளர்கள் தங்கள் தொழிலைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்ளும் பெருமையா?
— புள்ளியியல் கற்பிக்கும் வாசகர்

பதில்: உங்கள் சந்தேகம் நியாயமானது. சான்று உண்டு, அது ஒரே பக்கமாக இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

2011-இல் பால் தீபோடோ, லேரா போரோடிட்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு பரிசோதனையின் முடிவுகளை வெளியிட்டனர். கற்பனை நகரம் ஒன்றில் குற்றங்கள் பெருகிவருவதைப் பற்றிய சிறு குறிப்பைப் பலருக்குப் படிக்கக் கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே புள்ளிவிவரங்கள்தாம். ஒரு சாராருக்குக் குற்றம் நகரை வேட்டையாடும் கொடிய விலங்காகவும், மற்றொரு சாராருக்கு நகரைத் தொற்றும் கிருமியாகவும் காட்டப்பட்டது. விலங்கு என்று படித்தவர்களுள் கூடுதலானோர் காவலையும் கைதையும் சிறையையும் தீர்வாகக் கூறினர். கிருமி என்று படித்தவர்களிடையே, குற்றத்தின் காரணத்தை ஆராய்ந்து வறுமையையும் கல்வியின்மையையும் நீக்க வேண்டும் என்ற கருத்து கூடியது. இப்படிக் கூறியதற்கு எது காரணம் என்று கேட்டபோது பெரும்பாலோர் புள்ளிவிவரங்களையே காட்டினார்கள். உருவகத்தைச் சுட்டியவர் மிகச் சிலரே. எனக்கு அந்த ஆய்வில் மிக முக்கியமாகப் படுவது இந்தக் கடைசிச் செய்திதான்.

2014-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கெரார்ட் ஸ்டீனும் உடன் ஆய்வாளர்களும் உருவகமே இல்லாத ஒரு வடிவத்தையும் சேர்த்து அதே பரிசோதனையைத் திரும்பச் செய்தனர். உருவகத்தால் விளைந்த வேறுபாடு எதையும் அவர்கள் காணவில்லை. மறு ஆண்டிலேயே முதல் ஆய்வாளர்கள் இதற்குப் பதில் எழுதினார்கள். ஆகவே, ஒரு பத்தியில் ஒரு முறை வரும் ஒரு சொல் ஒருவரைத் தலைகீழாக மாற்றிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆனால் பத்தாண்டுக் காலம், நாள்தோறும், எதிரெதிர்க் கொள்கையுடைய பத்திரிகைகள்கூட ஒரே உருவகத்தைப் பயன்படுத்திவந்தால் என்ன ஆகும் என்பதை அரைமணி நேரப் பரிசோதனை எதுவும் அளந்துவிட முடியாது. அதை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

கேள்வி: பத்தி எழுத்தாளர் உருவாக்கிய உருவகம் நாடுகளின் நடப்பையே தீர்மானித்த எடுத்துக்காட்டு ஏதேனும் உண்டா?
— வரலாற்று ஆர்வலர் ஒருவர்

பதில்: 'பனிப்போர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். 1945 அக்டோபரில் ஆங்கில எழுத்தாளர் ஜார்ஜ் ஆர்வெல் பத்திரிகைக் கட்டுரை ஒன்றில் அதைப் பயன்படுத்தினார். 1947-இல் அமெரிக்கப் பத்தி எழுத்தாளர் வால்டர் லிப்மன் தம் பத்திகளைத் தொகுத்து வெளியிட்ட சிறு நூலுக்கு அதையே தலைப்பாக வைத்தார். அதன் பிறகே அது உலகெங்கும் பரவியது. அரசின் கொள்கையைக் குறைகூறி எழுதப்பட்ட பத்திகள் அவை. ஆனால் குறைகூறியவர் கொடுத்த பெயர் நிலைத்து, அவர் கூறிய குறை மறக்கப்பட்டது. எழுதுகிறவர்களுக்கு இது அடிக்கடி நேரும் கதி.

இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு 'டோமினோ'. 1954 ஏப்ரல் 7 அன்று செய்தியாளர் சந்திப்பில் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர், இந்தோசீனாவைப் பற்றிப் பேசும்போது, வரிசையாக நிறுத்திய டோமினோ கட்டைகளில் முதலாவதைத் தட்டினால் கடைசிக் கட்டையும் விழுந்துவிடும் என்றார். அடுத்த இருபது ஆண்டுகளில் அந்தப் படம் எத்தனையோ தலையங்கங்களில் ஒரு வாதத்தின் இடத்தை எடுத்துக்கொண்டது. அது மறைத்தவற்றை எண்ணிப் பாருங்கள். கட்டைகளுக்கு உள்நாட்டு வரலாறு கிடையாது. எல்லாம் ஒரே எடை, ஒரே உயரம். அவை ஒன்றையொன்று வெறுப்பதில்லை. விழுவதற்கு வெளியிலிருந்து ஒரு தட்டு மட்டும் போதும். மேலும், விழும் முதல் கட்டையைப் பிடித்துவிட்டால் எல்லாவற்றையும் காத்துவிடலாம் என்பதால், எவ்வளவு தொலைவில் உள்ள சிறு நாடாக இருந்தாலும் அதற்காக எவ்வளவு உயிரையும் கொடுக்கலாம் என்ற கணக்கு அந்தப் படத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது.

1975-இல் தெற்கு வியட்நாம், கம்போடியா, லாவோஸ் மூன்றும் பொதுவுடைமை ஆட்சியின்கீழ் வந்தன. அந்த அளவில் உருவகம் பொய்யாகவில்லை என்று வாதாட இடமுண்டு. ஆனால் தாய்லாந்தும் மலேசியாவும் இந்தோனேசியாவும் விழவில்லை. விழுந்த கட்டைகள் ஒன்றோடொன்று போரிட்டன: 1978 இறுதியில் வியட்நாம் கம்போடியாவுக்குள் படையெடுத்தது, 1979 பிப்ரவரியில் சீனா வியட்நாமைத் தாக்கியது. கட்டைகள் இப்படியெல்லாம் நடந்துகொள்வதில்லை.

கேள்வி: என் கணவர் மறைந்தபோது, அவரைப் பற்றிய அஞ்சலிக் குறிப்பில் "புற்றுநோயுடன் போராடித் தோற்றார்" என்று எழுதியிருந்தார்கள். எழுதியவரின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆயினும் அவர் எதில் தோற்றார் என்ற கேள்வி என்னை விடவில்லை.
— வாசகி ஒருவர்

பதில்: அவர் எதிலும் தோற்கவில்லை, அம்மா. நோய்க்கு எதிராக ஒருவர் செய்யக்கூடியது சிகிச்சை பெறுவதும் அதைப் பொறுத்துக்கொள்வதும்தான். அது பலன் தராமற்போவது மருந்துக்கும் நோய்க்கும் இடையே நடப்பது. நோயாளியின் வீரக்குறைவு அதில் எதுவுமில்லை. போர் என்று ஒன்றைச் சொல்லிவிட்டால் வெற்றி தோல்வி என்ற மீதிப் பாதி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. குறிப்பு எழுதியவர் அதை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார். உங்கள் மனம் அதை நிரப்பிக்கொண்டது. அது உங்கள் பிழை அன்று.

இந்த வழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1971 டிசம்பர் 23 அன்று அமெரிக்காவில் கையெழுத்தான தேசியப் புற்றுநோய்ச் சட்டம் 'புற்றுநோய்மீதான போர்' என்ற பெயராலேயே பேசப்பட்டது. தாமே புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவரான அமெரிக்க எழுத்தாளர் சூசன் சான்டாக் 1978-இல், நோயைப் போராகவும் சாபமாகவும் பேசும் மொழி நோயாளியின்மீது இரண்டாவது பாரத்தை ஏற்றுகிறது என்று விரிவாக வாதிட்டார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலினா செமினோவும் உடன் ஆய்வாளர்களும் நோயாளிகளின் சொந்த எழுத்துகளை ஆராய்ந்தபோது சற்றே வேறான ஒரு செய்தியும் தெரியவந்தது: போர் என்ற உருவகம் சிலரைக் குற்றவுணர்வில் ஆழ்த்தினாலும், வேறு சிலருக்கு அதுவே தெம்பாக இருந்தது. 'பயணம்' என்ற மென்மையான மாற்றும் எல்லாருக்கும் ஆறுதல் தரவில்லை. ஆகவே நோயாளி தமக்கென்று எந்த உருவகத்தையும் தேர்ந்துகொள்ளலாம். அவருக்காக இன்னொருவர் தேர்ந்து அச்சில் ஏற்றுவதைத்தான் தவிர்க்க வேண்டும். "நீண்ட நாள் நோயுற்றிருந்து காலமானார்" என்ற பழைய வாக்கியத்தில் ஒரு குறையும் இல்லை.

கேள்வி: வறுமைக்கு எதிரான போர், போதைக்கு எதிரான போர் என்று அரசுகளும் தலையங்கங்களும் ஓயாமல் அறிவிக்கின்றனவே, அதனால் நன்மையே இல்லையா?
— அரசு அலுவலர் ஒருவர்

பதில்: நன்மை உண்டு. போர் என்றதும் அவசரம் புரிகிறது, நிதி ஒதுக்கப்படுகிறது, கட்சி வேறுபாடு சில மாதங்களுக்காவது அடங்குகிறது. 1964 ஜனவரியில் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சன் வறுமையின்மீது போர் அறிவித்த ஆண்டுகளில்தான் முதியோருக்கும் ஏழைகளுக்கும் மருத்துவக் காப்பீடு போன்ற திட்டங்கள் அமெரிக்காவில் சட்டமாயின. இடர் எங்கே தொடங்குகிறது என்றால், போருக்குப் பகைவர் தேவை என்பதில். வறுமைக்கு முகம் இல்லை. போதைப்பொருளுக்கும் முகம் இல்லை. அதை உட்கொள்பவருக்கு முகம் இருக்கிறது. 1971 ஜூனில் அதிபர் நிக்சன் போதைப்பொருள் பழக்கத்தைப் பொது எதிரிகளுள் முதலாவது என்று அறிவித்த பிறகு, சிகிச்சைக்கு உரியவரும் பகைவரின் இடத்தில் நிறுத்தப்பட்டார். போர்க்காலத்தில் கேள்வி கேட்பவர் துரோகியாகிவிடுகிறார் என்பது இன்னொரு விளைவு. அதைத் தலையங்கம் எழுதுகிறவர்கள் மற்றவர்களைவிட நன்றாக அறிவார்கள்.

கேள்வி: "வரவுக்கு மேல் செலவு செய்யும் குடும்பம் திவாலாகும், நாடும் அப்படித்தான்" என்று பொருளாதாரப் பத்திகளில் படிக்கிறேன். கணக்கு எழுதும் எனக்கு இது சரியென்றே படுகிறது. இதில் உருவகம் எங்கே இருக்கிறது?
— கணக்கர் ஒருவர்

பதில்: சரியென்று படுவதால்தான் அது இவ்வளவு காலம் நீடிக்கிறது. ஒருபுடை ஒப்புமை என்று இலக்கணிகள் சொல்வார்கள்; ஒரு பக்கம் மட்டும் ஒத்திருப்பது. கடனுக்கு வட்டி கட்ட வேண்டும், வீண்செலவு கெடுதல் என்ற பக்கத்தில் நாடும் குடும்பமும் ஒத்திருக்கின்றன. மற்றப் பக்கங்களைப் பாருங்கள். குடும்பம் செலவைக் குறைத்தால் அதன் வருமானம் குறைவதில்லை, ஏனெனில் சம்பளம் வேறோர் இடத்திலிருந்து வருகிறது. நாடு முழுவதும் செலவைக் குறைத்தால் ஒருவருடைய செலவாக இருந்தது மற்றவருடைய வருமானமாக வராமற்போகிறது, விற்பனை குறைகிறது, வரியும் குறைகிறது; சிக்கனமே பற்றாக்குறையைப் பெருக்கிவிடவும் கூடும். மேலும், தன் நாணயத்தில் கடன் வாங்கும் அரசு அந்த நாணயத்தைத் தானே வெளியிடுகிறது. அப்படிச் செய்யும் குடும்பத்தைக் காவல்துறை தேடிவரும்.

ஆனால் இந்த உருவகம் எப்போதுமே பொய் என்று அவசரப்பட்டுச் சொல்லவும் கூடாது. 2010-க்குப் பிந்தைய கடன் நெருக்கடியில் கிரீஸ், தானாக அச்சிட முடியாத யூரோவில் கடன்பட்டிருந்தது. அந்த நிலையில் நாட்டின் நிலைமை குடும்பத்தின் நிலைமைக்குப் பெரிதும் நெருங்கி வந்துவிட்டது. அயல்நாட்டு நாணயத்தில் கடன் வாங்கும் நாடுகளுக்கும் இது பொருந்தும். எந்த நாணயத்தில் கடன், யாரிடம் கடன், எந்தக் காலத்தில் சிக்கனம் என்ற மூன்று கேள்விகளையும் கட்டுரையாளர் தொட்டிருந்தால் அவருடைய குடும்பத்தை நான் ஏற்றுக்கொள்வேன். அவற்றைத் தொடாமல் தப்புவதற்காகவே குடும்பத்தை அழைத்துவந்தால் ஏற்க மாட்டேன்.

கேள்வி: பொருளாதாரம் சரிந்தால் "புயல்", "சுனாமி" என்று எழுதுகிறார்கள். இதில் யாரையும் இணங்கவைக்கும் முயற்சி இருப்பதாகத் தெரியவில்லையே?
— வங்கி ஊழியர் ஒருவர்

பதில்: இயற்கைச் சீற்றத்துக்கு யாரும் பொறுப்பாளி அல்லர் என்று இணங்கவைக்கும் முயற்சி இருக்கிறது. 2008 அக்டோபர் 23 அன்று அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சியம் அளித்த ஆலன் கிரீன்ஸ்பன், நிகழ்ந்துகொண்டிருந்த நெருக்கடியை நூற்றாண்டுக்கு ஒருமுறை வரும் கடன் சுனாமி என்று வருணித்தார். 1987 முதல் 2006 வரை அந்நாட்டின் மைய வங்கிக்குத் தலைமை வகித்தவர் அவர்; கட்டுப்பாடுகளைத் தளர்த்தியதில் அவருக்கு இருந்த பங்கைப் பற்றியே குழு கேட்டுக்கொண்டிருந்தது. தம் சிந்தனையில் ஒரு பிழை இருந்ததைக் கண்டதாக அவர் அன்றே ஒப்புக்கொண்டார் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். மறுநாள் தலைப்புகளில் சுனாமிக்கும் இடம் கிடைத்தது, பிழைக்கும் கிடைத்தது. பத்தி எழுத்தாளர்களின் சொல்வழக்கில் நீண்ட காலம் தங்கியது சுனாமிதான். அதே நிகழ்வைச் 'சீட்டுக்கட்டு மாளிகை சரிந்தது' என்று எழுதினால், அடுக்கியவர் யார் என்ற கேள்வி உடனே எழுந்திருக்கும்.

கேள்வி: கருத்துப்படங்களையும் உருவகம் என்று கொள்ளலாமா?
— ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பதில்: பிறிதுமொழிதல் என்று கொள்வதே பொருத்தம் என்பதை நீங்கள் அறியாமல் கேட்டிருக்க மாட்டீர்கள். "பீலிபெய் சாகாடும் அச்சிறும்" (மயிலிறகு ஏற்றிய வண்டியும் அச்சு முறியும்) என்ற குறளில் சொல்ல வந்த பொருள் வெளியே தலைகாட்டாமல் உவமை மட்டும் நிற்பதைப் போல, கருத்துப்படத்திலும் உவமை மட்டுமே வரையப்படுகிறது. 1754 மே 9 அன்று பெஞ்சமின் பிராங்ளின் தம் செய்தித்தாளில், எட்டுத் துண்டுகளாக வெட்டப்பட்ட பாம்பின் படத்தை, "ஒன்றுசேர், இல்லையேல் செத்துமடி" என்ற வரியுடன் வெளியிட்டார். அமெரிக்காவில் இருந்த பிரிட்டிஷ் குடியேற்ற நாடுகளின் ஒற்றுமையின்மையைப் பற்றிய கட்டுரை ஒன்று அதனுடன் இருந்தது. அந்தக் கட்டுரையை இன்று நினைவில் வைத்திருப்பவர் சிலரே. பாம்பை அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள்கூட அறிவார்கள்.

கேள்வி: எதிர்த்தரப்பினரை நரி, ஓநாய், அட்டை என்று எழுதுவது மேடைப் பேச்சிலும் எழுத்திலும் பழகிப்போன ஒன்று. இதற்கெல்லாம் எல்லை வகுக்க முடியுமா?
— உதவி ஆசிரியர் ஒருவர்

பதில்: ஓர் அமைச்சரின் தந்திரத்தை நரித்தந்திரம் என்று எழுதுவதையும் ஒரு மக்கட்கூட்டத்தையே பூச்சி என்று எழுதுவதையும் ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. முன்னதில் ஒருவருடைய செயல் இகழப்படுகிறது. பின்னதில் பிறப்பே குற்றமாக்கப்படுகிறது.

ஆப்பிரிக்க நாடான ருவாண்டாவில் வெளிவந்த 'கங்குரா' என்ற இதழ் 1993-இல், கரப்பான் பூச்சி வண்ணத்துப்பூச்சியைப் பெற்றெடுக்காது என்ற தலைப்பில் ஒரு கட்டுரையை வெளியிட்டது. கரப்பான் பூச்சி என்று அது குறித்தது டுட்சி இனத்தாரை. அச்சொல்லை வானொலி நிலையம் ஒன்றும் இடைவிடாமல் ஒலிபரப்பியது. 1994 ஏப்ரலில் தொடங்கி ஏறத்தாழ நூறு நாட்களில் லட்சக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். ருவாண்டாவுக்கான சர்வதேசக் குற்றவியல் தீர்ப்பாயம் 2003 டிசம்பர் 3 அன்று அந்த இதழின் ஆசிரியரையும் வானொலியை நிறுவியவர்களுள் இருவரையும் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது. 2007-இல் மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் நீக்கப்பட்டுத் தண்டனைக் காலம் குறைக்கப்பட்டது. ஆயினும் மூவரில் எவரும் விடுவிக்கப்படவில்லை.

ஓர் உருவகம்தான் அந்தக் கொலைகளைச் செய்தது என்று நான் கூறவில்லை; ஆயுதமும் ஆட்சியும் திட்டமும் இருந்தன. ஆனால் கரப்பான் பூச்சியைக் கண்டால் என்ன செய்வது என்று எவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஏகதேச உருவகம் தன் மீதிப் பாதியைக் கேட்பவரிடமிருந்து எப்படி வரவழைக்கும் என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை. உதவி ஆசிரியராகிய உங்களுக்கு நான் சொல்லக்கூடிய எல்லை இதுதான்: பயன்படுத்திய உயிரினத்தை மனிதர் வழக்கமாக என்ன செய்வார்களோ அதைச் செய்தித்தாள் மொழியில் வெளிப்படையாக எழுதிப் பாருங்கள். அந்த வாக்கியத்தை அச்சிட முடியாது என்றால் உருவகத்தையும் அச்சிட முடியாது.

கேள்வி: அப்படியானால் உருவகமே இல்லாமல் எழுதிவிட்டால் என்ன?
— பொறியாளர் ஒருவர்

பதில்: முயன்றவர்கள் உண்டு. 1651-இல் ஆங்கிலத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ், உருவகங்களை வைத்துச் சிந்திப்பது எண்ணற்ற அபத்தங்களுக்குள் அலைவதாகும் என்று கண்டித்தார். அக்கண்டனம் இடம்பெற்ற நூலில் அரசுக்கு அவர் வைத்த பெயரோ ஒரு கடற்பூதத்தின் பெயர். நாமும் விலை ஏறியது என்கிறோம், வாதத்தை முறியடித்தார் என்கிறோம், நேரத்தைச் செலவிட்டார் என்கிறோம். ஏறுவதற்கு விலைக்குக் கால் இல்லை என்று எவரும் எதிர்ப்பதில்லை. அச்சில் அடிக்கடி கண்ட உருவகத்தைப் பயன்படுத்தாதே என்று ஆர்வெல் 1946-இல் எழுத்தாளர்களுக்கு விதி வகுத்தார். புதியது சிந்திக்க வைக்கும், தேய்ந்தது சோம்பலைக் காட்டும் என்பது அவர் கருத்து. அதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். தேய்ந்த உருவகம் நடையைக் கெடுப்பது உண்மை. ஆனால் இணங்கவைப்பதில் அதுவே வலிமை மிக்கது, ஏனெனில் அது உருவகம் என்பதே எவர் கண்ணிலும் படுவதில்லை.

'வரிச்சுமை' என்ற சொல்லைப் பாருங்கள். இதைவிட நடுநிலையான சொல் இல்லை என்றே தோன்றும். சுமை என்றால் குறைப்பது நல்லது, இறக்கிவைப்பது மிக நல்லது. வரியை ஆதரித்து எழுதும் கட்டுரையாளர், "இந்த வரிச்சுமை நியாயமானதே" என்று தொடங்கினால் முதல் வரியிலேயே எதிர்த்தரப்பின் களத்தில் போய் நின்றுவிட்டார். மறுப்பதற்காக ஓர் உருவகத்தைத் திரும்பச் சொல்வதும் அதை ஊன்றுவதே ஆகிவிடுகிறது. "அகதிகள் வெள்ளம் அல்லர்" என்று தலைப்பிட்டால் வாசகர் கண்ணுக்குத் தெரிவது வெள்ளம்தான். எண்ணிக்கையைச் சொல்லி, வந்தவர்களைப் பற்றிச் சொல்லி, வேண்டுமானால் வேறோர் உருவகத்தைத் தந்து, பழையதைப் பெயர் சொல்லாமல் விட்டுவிடுவதே பெரும்பாலும் நல்ல மறுப்பு.

கேள்வி: மூன்று இதழ்களுக்கு முன்பு இதே பகுதியில் வதந்தியைப் பற்றி எழுதும்போது, அது "காட்டுத்தீயாகப் பரவியது" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் அளவுகோலால் உங்களையே அளந்தால்?
— நீண்ட நாள் வாசகர்

பதில்: குட்டுப்பட்டேன். அந்த இதழை எடுத்துத் திரும்பப் படித்தேன். வதந்தி பரவியது என்றுதான் எழுதியிருக்கிறேன். ஒருவர் எழுதினார், இன்னொருவர் படித்துப் பார்க்காமல் மேலனுப்பினார், பொய் என்று அறிந்த மூன்றாமவர் பேசாமல் இருந்தார் என்று எழுதவில்லை. தீக்குக் காற்று போதும். வதந்திக்கு ஒவ்வொரு படியிலும் ஒரு விரல் தேவைப்படுகிறது. சுனாமி என்று சொன்னவரைக் குறைகூறிய நான் அந்த விரல்களையெல்லாம் காட்டுக்குள் ஒளித்துவைத்துவிட்டேன். தொகுப்பு நூலுக்காகப் பழைய பதில்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். அந்த வாக்கியம் இப்போது, "வதந்தியை மூன்று நாட்களில் பல்லாயிரம் பேர் தங்கள் கையால் அனுப்பினார்கள்" என்று இருக்கிறது. முன்னதைப் போல் அது ஓடவில்லை என்பது எனக்கும் தெரிகிறது.